புதுப்பித்த அம்பாசடரில் கதவுக் கண்ணாடி மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

எங்கள் வீட்டு அம்பாசடர் 1986 மாடல், மார்க் 4. பெரியப்பா வாங்கியது. பதினோரு மாதம் ஷெட்டில் கிடந்து டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிந்து வீடு வந்து சேர்ந்தது. ஆசையாக உள்ளே உட்கார்ந்து டிரைவர் பக்கக் கண்ணாடியை ஏற்றினேன். முக்கால் உயரம் வரை வந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இடது பக்கக் கண்ணாடி முழுக்க ஏறியது. ஆனால் கதவின் மேல் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பின்கதவு ஒன்று, குழியில் இறங்கினால் கடகடவென்றது.

அதற்குப் பிறகு நாலு மாதம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கதவுகளோடுதான் போயின. கழற்றி மாட்டி, தப்பாக மாட்டி, மறுபடி கழற்றிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். அம்பாசடரை வைத்துச் சொன்னாலும், பிரீமியர் பத்மினி மாதிரி கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் முக்கால்வாசி பொருந்தும். சட்டமே இல்லாத கதவு, பவர் விண்டோ இதெல்லாம் வேறு கதை.

கழற்றும்போது ஒழுங்காக ஓடிய கண்ணாடி, மாட்டியதும் ஏன் ஓடவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். முப்பது வருடம் ஒன்றோடு ஒன்று உரசி, தேய்ந்து, பழகிப்போன சாமான்கள் அவை. அதை மொத்தமாகப் பிரித்துவிட்டோம். சட்டத்தின் உள் பள்ளத்தில் இரண்டு கோட் பெயிண்ட் ஏறிவிட்டது. ரப்பர் புதுசு, கண்ணாடி உரசி ஓடும் கம்பளித் துணி மாதிரியான ஃபெல்ட் புதுசு, சில சமயம் கண்ணாடியும் புதுசு. 2014-ல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டதால், இன்று கடையில் கிடைக்கும் பீடிங் (கண்ணாடியை ஒட்டி வரும் பட்டை), சேனல் (கண்ணாடியைப் பிடிக்கும் பள்ளமான தகடு) பலதும் யாரோ மாதிரி பார்த்துச் செய்தவை. ஒவ்வொன்றிலும் அரை மில்லி, ஒரு மில்லி வித்தியாசம். எல்லாம் சேர்ந்து கடைசியில் கண்ணாடியின் தலையில் விழுகிறது.

என் கதவைப் பார்க்க வந்த டிங்கர் பாய் முதல் வார்த்தையே இதைத்தான் சொன்னார்: "தம்பி, கண்ணாடியத் தொடாதீங்க. கதவு எங்க நிக்குதுன்னு பாருங்க மொதல்ல." நான் அதற்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினை இரண்டு தடவை கழற்றி மாட்டியிருந்தேன்.

முதலில் கதவு நிற்கும் நிலை

வண்டி சமதரையில், நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு கதவு இடைவெளியை அளக்காதீர்கள். அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸி கிடையாது. 1956-ல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ன் பாடி அது; பாடியேதான் சேஸி. ஒரு மூலையைத் தூக்கினால் கதவு வாசல் இம்மியளவு முறுக்கும், அளவு பொய்யாகிவிடும்.

இதே காரணத்தால், உங்கள் வண்டியில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியை, துரு பிடித்ததென்று வெட்டிப் புதுசு வைத்திருந்தால், கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். மறுபக்க வாசலோடு ஒப்பிடுங்கள். வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கம்பி வைத்து வெல்டு செய்யாமல் அந்தப் பெட்டியை வெட்டினால், நடுத்தூண் நகர்ந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் மேற்கொண்டு எதையும் தொட மாட்டேன். அது ஸ்பேனரில் தீராது, வண்டி ஷெட்டுக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

வாசல் சரி என்றால் கீல். கதவைப் பாதி திறந்து, பின்முனையின் அடியில் இரண்டு கையும் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். கதவு மேலும் கீழும் ஆடினால் கீலின் அச்சாணியான பின் தேய்ந்திருக்கிறது. பெயிண்டுக்கு அனுப்பும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை. பழைய பின்னோடு புதுப் பெயிண்ட் அடித்துக் கதவை மாட்டிவிடுவார்கள். பின் புதுசு போட வேண்டும். ஓட்டையும் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கித் தடித்த பின் போட வேண்டும்.

கீலில் ஆட்டம் இல்லாமலேயே கதவு தொங்கலாம். அதற்கு அடையாளம்: முன்கதவின் பின்விளிம்புக்கும் நடுத்தூணுக்கும் உள்ள இடைவெளி மேலே நெருங்கி, கீழே அகன்று இருக்கும். முன்கதவின் பக்கவாட்டுக் கோடு பின்கதவுக் கோட்டைவிடத் தாழ்ந்திருக்கும். கீழ்க் கீலுக்கும் தூணுக்கும் நடுவே தகடு கொடுத்தால் கதவின் பின்முனை உயரும். கணக்கு எளிது. கீல்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம் கதவுக்கு இருந்தால், 1 மி.மீ. தகடு பின்முனையைச் சுமார் இரண்டரை மி.மீ. தூக்கும். அதனால் அரை மில்லி தகட்டில் தொடங்குங்கள். கீல் போல்ட்டைத் தளர்த்தும் முன் கதவுக்கு அடியில் மரக்கட்டை, அதன் மேல் பழைய போர்வை, ஜாக்கி. கூட ஓர் ஆள் கட்டாயம்.

இதில் ஒரு திருட்டு வேலை நடக்கும். தொங்கும் கதவை, தூணில் உள்ள லாக் பிளேட்டை மேலே ஏற்றிச் சரிக்கட்டிவிடுவார்கள். மூடியிருக்கும்போது கோடெல்லாம் அழகாக நிற்கும். கதவை மெதுவாகத் திறந்து, லாக்கை விட்டு விலகும் அந்த நொடியைப் பாருங்கள். கதவு சட்டென்று கீழே குதித்தால் பிளேட்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கதவில் ஒவ்வொரு முறை மூடும்போதும் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி கதவு திறந்திருக்கும்போது லகுவாக ஓடி, மூடியதும் கனமாகிறதென்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

கண்ணாடி ஏறும்போது சாய்ந்து சிக்குகிறது

அதிகம் வரும் கோளாறு இது. ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எந்த உயரத்தில் சிக்குகிறது என்பதுதான் துப்பு. சட்டத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிக்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பத்து முறை ஏற்றி இறக்குங்கள்.

பத்து முறையும் கோடு ஒரே இடத்தில் விழுந்தால், கண்ணாடியின் அடியில் மாட்டியிருக்கும் இரும்புச் சேனலைச் சந்தேகப்படுங்கள். மெஷினின் கையிலுள்ள ரோலர் அந்தச் சேனலுக்குள்தான் ஓடுகிறது. கை வட்டமாகச் சுற்றும், கண்ணாடி நேராக ஏறும். அந்த வித்தியாசத்துக்கு ஈடுகொடுத்து ரோலர் சேனலுக்குள் முன்னும் பின்னும் நகர வேண்டும். சேனல் கண்ணாடியில் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தால் ரோலர் பாதி வழியிலேயே சேனலின் முனையில் முட்டிவிடும். அதற்கு மேல் ஹேண்டிலைச் சுற்றினால், கண்ணாடியை மேலே தூக்காமல் பக்கவாட்டில் தள்ளும். சாய்வு அங்கேதான் ஆரம்பம்.

என் வண்டியில் நடந்தது இதேதான். புதுக் கண்ணாடி வாங்கிய இடத்திலேயே பழைய சேனலைக் கழற்றிப் புதுக் கண்ணாடியில் மாட்டிக் கொடுத்தார்கள். அளவு யாரும் எடுக்கவில்லை, நானும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அதில் சேனல் இருந்த இடத்தில் துருக்கறை தெளிவாகக் கோடு போட்டிருந்தது. புதுக் கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சேனல் 12 மி.மீ. தள்ளி இருந்தது.

சேனலை நகர்த்த வேண்டுமென்றால் அடித்து நகர்த்தக் கூடாது. ராத்திரி முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் ஒரு மரத்துண்டை வைத்து, ரப்பர் சுத்தியலால் சேனலின் ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்புங்கள். மாட்டும்போது நடுவில் ரப்பர் பேக்கிங் பட்டை வரும். விரலால் அழுத்தினால் போகிற அளவுக்கு அது தொளதொள என்றிருந்தால் ஒரு மாதத்தில் கண்ணாடி நழுவிவிடும். சுத்தியலே கதி என்றால் கண்ணாடி உடையும். மரக்கட்டையை வைத்து உள்ளங்கையால் தட்டினால் போகிற இறுக்கம் சரி. பேக்கிங் கிடைக்காமல் சைக்கிள் டியூப்பை வெட்டி வைப்பவர்கள் உண்டு. நானும் வைத்தேன், இரண்டு வருடமாக நிற்கிறது. சேனல் இரண்டு முனையிலும் ஒரே ஆழம் இறங்கியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கழித்துக் கதவுக்குள் இறக்குங்கள்.

கோடு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுகிறது, கண்ணாடி கையால் தொட்டாலே முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால், பக்கச் சேனல்கள் அகலமாக இருக்கின்றன. ஒற்றைக் கை மெஷினில் தூக்கும் புள்ளி எப்போதும் கண்ணாடியின் நடுவில் இருப்பதில்லை. பக்கச் சேனல்கள் பிடித்துக்கொண்டால்தான் கண்ணாடி நேராக நிற்கும். பிடி தளர்ந்தால், ஜாதிக்காய்ப் பலகை அலமாரியின் இழுப்பறையை ஒரு ஓரம் பிடித்து இழுத்தால் சிக்குமே, அந்த மாதிரிதான்.

மூன்றாவது, மேலே போகப் போக இறுக்கம் கூடிக்கொண்டே போவது, அல்லது கீழே போகப் போக. இரண்டு பக்கச் சேனல்களும் இணையாக இல்லை என்று அர்த்தம். முன்கதவில், முன்பக்கச் சேனல் என்பது முக்கோணக் குவார்ட்டர் கிளாஸையும் பெரிய கண்ணாடியையும் பிரிக்கும் நடுக்கம்பிதான். அதன் மேல்முனை சட்டத்தோடு ஸ்க்ரூவில் நிற்கும், கீழ்முனை கதவுக்குள் ஒரு பிராக்கெட்டில் பிடித்திருக்கும். குரோமியம் பூச அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திரும்ப மாட்டும்போது மேல் ஸ்க்ரூவை மட்டும் பார்த்து முடுக்கிவிடுகிறோம். கீழே அது எந்தப் பக்கம் நிற்கிறதென்று கதவுக்குள் கை விட்டுப் பார்ப்பதில்லை.

சரிபார்க்க ஒரு மூங்கில் குச்சி போதும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, இரண்டு சேனலின் ஃபெல்ட்டுக்கும் நடுவே மேலே சரியாகப் பொருந்துகிற மாதிரி குச்சியைச் சீவுங்கள். அதைக் கிடையாகப் பிடித்து மெதுவாகக் கீழே கொண்டு வாருங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்று குச்சியே சொல்லிவிடும். கீழ் பிராக்கெட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கம்பியின் காலை முன்னே அல்லது பின்னே நகர்த்துங்கள். நகர்த்தி முடுக்கும் முன் கண்ணாடியை ஏற்றி, அது தானே கம்பியைத் தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளட்டும். அப்புறம் முடுக்குங்கள். பிராக்கெட்டின் அடியில் பழைய வாஷர் ஏதாவது இருந்ததா என்று நினைவிருந்தால் நல்லது. கம்பியின் கால் வண்டிக்கு உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். அந்த வாஷர் அதற்காகத்தான் இருந்திருக்கும்.

கடைசி அரை அங்குலம் ஏற மாட்டேன் என்கிறது

ஹேண்டில் எப்படி நிற்கிறது என்பதைக் கையால் உணருங்கள். டக்கென்று இரும்பில் இரும்பு முட்டின மாதிரி நின்றால், மெஷின் தன் வழியின் முடிவுக்கு வந்துவிட்டது. கண்ணாடி உயரம் குறைவாக வெட்டப்பட்டிருக்கலாம். அல்லது மெஷினைக் கதவில் தாழ்வாக மாட்டியிருக்கலாம். மெஷின் ஸ்க்ரூ ஓட்டைகளில் கொஞ்சம் விளையாட்டு இருக்கும், கதவில் மேலே தள்ளி முடுக்கிப் பாருங்கள். குறை 3, 4 மி.மீ. என்றால் அடிச் சேனலுக்குள் பேக்கிங்கைத் தடிப்பாக்கிக் கண்ணாடியை உயர்த்திவிடலாம். அதற்கு மேல் என்றால் கண்ணாடிதான் தப்பு.

ஹேண்டில் ஸ்பிரிங் மாதிரி அமுங்கி, கையை எடுத்ததும் பின்வாங்கினால், கண்ணாடி மேல் சேனலின் ஃபெல்ட்டுக்குள் நுழைய முடியாமல் திணறுகிறது. மேல் சேனலை உருவி எடுத்துப் பாருங்கள். ஒட்டுவதற்குத் தாராளமாகப் பசை போட்டு, அது உள்ளே கட்டி தட்டியிருக்கும். இல்லையென்றால் சட்டத்தின் மூலையில் சேனலை மடக்காமல் வளைத்து விட்டிருப்பார்கள், அந்த இடத்தில் ஃபெல்ட் சுருங்கிக் குன்று மாதிரி நிற்கும். மூலையில் உள்பக்கம் ஒரு 'வி' வெட்டு வெட்டி மடக்கினால் படிந்து உட்காரும்.

புதுக் கண்ணாடி பழையதைவிடத் தடிப்பா என்பதையும் வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு மில்லி கூடினாலே ஃபெல்ட்டுக்கு மூச்சு முட்டும். மெலிந்திருந்தால் வேறு தொல்லை, பின்னால் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஏறவில்லையே என்று கண்ணாடியின் விளிம்பைத் தேய்க்கலாம், கொஞ்சம் வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கதவுக் கண்ணாடி டஃபன்ட் கண்ணாடி. வெட்டி, துளைத்து, விளிம்பு தேய்த்த பிறகுதான் அதைச் சூடேற்றிச் சட்டென்று ஆற வைப்பார்கள். அதற்கப்புறம் வெட்டப் போனால் மொத்தமும் கல்கண்டு மாதிரி பொடிந்துவிடும். "வெட்டித் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்லி, வெட்டியும் கொடுத்துவிட்டார் என்றால் அது டஃபன்ட் இல்லை, ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி. அதைக் கதவில் போட்டு ஓட்டாதீர்கள். விபத்தில் கத்தியாக உடையும்.

மேலே ஏறிவிட்டது, ஆனால் மூலையில் முக்கோணமாக இடைவெளி

கண்ணாடி எல்லா உயரத்திலும் ஒரே மாதிரி சாய்ந்தே போகிறது, சிக்கவில்லை. அடிச் சேனல் ஒரு முனையில் முழுக்க இறங்கி மறுமுனையில் இறங்காமல் இருக்கும். கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதுதான்.

இரண்டு கை உள்ள மெஷின் என்றால், இரண்டாவது கை ஓடும் சிறிய தண்டவாளம் ஒன்று கதவின் உள்தகட்டில் ஸ்க்ரூவில் நிற்கும். அதைத் தளர்த்தி, கண்ணாடியை மேல் சட்டத்துக்கு இணையாகக் கையால் பிடித்துக்கொண்டு முடுக்கினால் சரியாகிவிடும். கழற்றும் முன் அந்த ஸ்க்ரூக்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். பெயிண்ட் அடித்த வண்டியில் அந்தக் கோடு எங்கே இருக்கப் போகிறது!

சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே வெளிச்சம், காற்றுச் சத்தம்

இதில் கண்ணாடிக்குப் பங்கே இல்லை. சட்டம் வெளியே மலர்ந்திருக்கிறது, அல்லது புது ரப்பர் கதவை வெளியே தள்ளுகிறது.

ஒரு ரூபாய் நோட்டு அகலத்துக்குக் காகிதத்தை வெட்டி, ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிப் பார்த்து, எங்கே இழுத்ததும் வருகிறதோ அங்கே டேப் ஒட்டுங்கள். காகிதம் மேலே மட்டும் லேசாக வருகிறதா, கதவு முழுக்கவா என்பது முக்கியம். கதவு முழுக்க ஒரே மாதிரி வெளியே நின்றால் லாக் பிளேட்டை உள்ளே நகர்த்தினால் போதும். ஆனால் அவசரப்படாதீர்கள். புது ரப்பர் முறுக்காக இருக்கும். கதவை மூடி, வண்டியை வெயிலில் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். எனக்குப் பாதிப் பிரச்சினை சித்திரை வெயிலே தீர்த்துவிட்டது.

மேல்பகுதி மட்டும் வெளியே நிற்கிறதென்றால், கதவை மாட்டியபடியே வளைத்துக் கொண்டுவர வேண்டும். பாய் செய்ததை அப்படியே சொல்கிறேன். கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கினார். பெயிண்ட் மேல் இரண்டு மடிப்புப் பழைய வேட்டியைப் போட்டார். கதவின் கீழ்ப் பின்மூலைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு வேப்பமரத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தினார். சட்டத்தின் மேல் மூலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உடம்பு எடையைக் கொடுத்து ஒரு அமுக்கு. விட்டார், காகிதத்தை இழுத்துப் பார்த்தார். இன்னொரு அமுக்கு. நாலாவதில் காகிதம் பிடித்தது. ஐந்தாவதுக்கு நான் ஆசைப்பட்டேன். "போதும், இரும்பு ஞாபகம் வெச்சிக்கும்" என்றார்.

மேல்மூலை உள்ளே போய், கீழே வெளியே நிற்கிறதென்றால் கட்டையை மேலே வைத்துக் கீழே அமுக்க வேண்டும். கண்ணாடி மேலே ஏறியிருக்கும்போது இந்த வேலையைச் செய்யவே கூடாது. பட்டி தடிப்பாக அப்பிய கதவிலும் கூடாது, பட்டி வெடித்து ஓடும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். எங்கே பிடிக்கவில்லையோ அங்கே பட்டி தடிப்பு.

கண்ணாடி கடகடவென்கிறது

கண்ணாடியைப் பாதி இறக்கி, கதவை மூடிப் பாருங்கள். பாதியில் ஆடுகிறது, முழுக்க ஏற்றினால் சத்தமில்லை என்றால் கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடுப்புக்கோட்டில் உள்ளேயும் வெளியேயும் வரும் பீடிங்கில் ஒன்று கண்ணாடியைத் தொடவில்லை. பெயிண்டுக்குக் கழற்றும்போது அதன் கிளிப்புகளில் பாதி தொலைந்திருக்கும். முழுக்க இறக்கினால் மட்டும் சத்தம் என்றால், கதவின் அடியில் கண்ணாடி வந்து உட்காரும் ரப்பர் கட்டை போடப்படவில்லை. எல்லா நிலையிலும் சத்தம் என்றால் மெஷின் ஸ்க்ரூவை முடுக்குங்கள், ரோலர் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். முன்னே சொன்ன மெலிந்த கண்ணாடியும் இப்படித்தான் அலறும். எனக்குப் பின்கதவில் கிடைத்தது 4 மி.மீ., பழையது 5 மி.மீ. கொஞ்சம் தடித்த ஃபெல்ட் சேனல் தேடிப் போட்டதும் அடங்கியது.

கனமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது

முதலில் ஹேண்டிலையும் கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டையையும் கழற்றுங்கள். ஹேண்டிலுக்குப் பின்னால் உள்ள வட்டத் தட்டை உள்ளே அழுத்தினால் ஒரு சிறு பின் தெரியும், அதைத் தட்டி எடுத்தால் ஹேண்டில் வந்துவிடும். சில வண்டிகளில் பின்னுக்குப் பதில் லாட வடிவ கிளிப் இருக்கும், சிலவற்றில் வெறும் ஸ்க்ரூ.

இப்போது மெஷினின் கையைக் கண்ணாடியிலிருந்து விடுவித்துவிட்டு, கண்ணாடியை இரண்டு கையால் ஏற்றி இறக்குங்கள். கனம் அப்படியே இருந்தால் சேனலில் கோளாறு. கண்ணாடி லகுவாகப் போனால் மெஷினில். சேனலில் என்றால் பலர் செய்யும் தப்பு கிரீஸ் போடுவது. ஃபெல்ட்டில் கிரீஸ் பட்டால் முதல் வாரம் வெண்ணெய் மாதிரி போகும். அப்புறம் தூசி சேர்ந்து சந்தனம் அரைத்த மாதிரி ஆகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே, இல்லாவிட்டால் முகத்துக்குப் போடும் பவுடர். கேரம் போர்டுக்குத் தூவுவது மாதிரிதான். கிரீஸ் மெஷினின் பல்சக்கரத்துக்கும் ரோலருக்கும் மட்டும். அதுவும் பழைய கிரீஸைப் பெட்ரோலில் கழுவி எடுத்த பிறகு.

மெஷினில் கண்ணாடியின் எடைக்கு ஈடுகொடுக்கச் சுருள் வில் இருந்தால் கவனம். அது முறுக்கிய நிலையில் இருக்கும். மெஷினை வெளியே எடுத்து, பல் தகட்டை விடுவித்தால் கை வெட்டுக்கத்தி மாதிரி சுழன்று வரும், விரல் போகும். கழற்றும் முன் தகட்டையும் அடிப்பலகையையும் ஒரு போல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். வலது மெஷினை இடதில் மாட்டிவிட்டால் ஹேண்டில் தலைகீழாகச் சுற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்காதீர்கள், நாலு மெஷினும் ஒரே கோணிப்பையில் திரும்பி வந்தால் யாருக்கும் நடக்கும்.

ஏற்றிய கண்ணாடி தானாக இறங்குகிறது

ஹேண்டில் சேர்ந்து சுற்றிக்கொண்டே இறங்கினால், ஹேண்டில் அச்சில் டிரம்முக்குள் இருக்கும் சிறிய பிரேக் ஸ்பிரிங் தேய்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அதைப் பிரித்துச் சரிசெய்து நிற்க வைத்தவர்களை நான் பார்த்ததில்லை, மெஷின் மாற்றிவிடுங்கள். ஹேண்டில் அசையாமல் கண்ணாடி மட்டும் இறங்கினால் அடிச் சேனலிலிருந்து நழுவுகிறது, பேக்கிங் போதவில்லை.

தண்ணீர் வருகிறது

கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது கோளாறு இல்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே போனது அடியில் உள்ள ஓட்டைகள் வழியே வெளியே வர வேண்டும். பட்டியும் பெயிண்டும் துருவுக்கு அடிக்கும் கறுப்புப் பூச்சும் சேர்ந்து அந்த ஓட்டைகளை அடைத்திருக்கும். கதவைத் திறந்து மூடும்போது சளசள என்று சத்தம் கேட்டால் உள்ளே குளமே இருக்கிறது. ஒரு தென்னை ஈர்க்குச்சியை விட்டுக் குத்துங்கள்.

கால் மிதியடி நனைகிறதென்றால், கதவு அட்டைக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டப்படவில்லை. ஷீட்டின் கீழ் விளிம்பு கதவுத் தகட்டுக்கு உள்ளே போய் முடிய வேண்டும். தகட்டின் வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் நேராக அட்டைக்கு வரும். ஐப்பசி அடைமழை வரை காத்திருக்காமல், தோட்டத்து டியூப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கலாம். அழுத்தமாக அடித்தால் நல்ல ரப்பரும் ஒழுகும்.

புதுக் கண்ணாடியில் நெட்டுக்குத்தாகக் கீறல்

ஒரே ஒரு ஆழமான கோடு என்றால் இடுப்புக்கோட்டுப் பீடிங்கின் கிளிப் ஒன்று தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டுக்கு நேர்கீழே பார்த்தால் கிடைத்துவிடும். மெல்லிய கோடுகள் பரவலாக இருந்தால் ஃபெல்ட்டில் பட்டித் தூள். வண்டியை ஷெட்டில் தேய்த்தபோது பறந்த தூள் கதவுக்குள் எல்லா மூலையிலும் படிந்திருக்கும். நாம் மேலே மட்டும் துடைத்துவிட்டுப் புது ஃபெல்ட்டை மாட்டுகிறோம். கண்ணாடியை மாட்டும் முன் கதவின் உள்ளே காற்று அடித்து, ஈரத்துணியால் துடைத்திருந்தால் இது வந்திருக்காது. வந்துவிட்ட பிறகு ஃபெல்ட்டைக் கழற்றித் தட்டிக் கழுவுவது தவிர வழியில்லை.

விழுந்துவிட்ட கீறலின் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் சீரியம் ஆக்சைடு பவுடரைத் தண்ணீரில் குழைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் மங்கும். சிக்கினால் போகாது. என் டிரைவர் பக்கக் கண்ணாடியில் இரண்டு இடத்தில் சிக்குகிறது. மறுபடியும் அந்தக் கதவைப் பிரிக்க மனமில்லாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.